கொத்து பரோட்டா, கிரைண்டர், சொட்டுக் குழாய்: வெட்டா, டிலேயா, கேட்டா?

சுற்றுப்புறச் சத்தத்தை ஃபோனில் பதிந்து தாளமாக்க நினைக்கிறவர்கள் பெரும்பாலும் எடுத்தவுடன் அதைத் துண்டு துண்டாக வெட்டி, இசை மென்பொருளின் தாளக் கட்டத்தில் அடுக்கிவிடுகிறார்கள். நானும் ரொம்ப நாள் அப்படித்தான் செய்தேன். இப்போது முதலில் பார்ப்பது ஒன்றே ஒன்று: இது தட்டுகிற சத்தமா, இழுக்கிற சத்தமா? அதைப் பொறுத்துதான் எஃபெக்ட், அதாவது சத்தத்தை மாற்றும் கருவி.

வெட்டி அடுக்குவது தட்டுகிற சத்தத்துக்கு, அதுவும் ஒற்றைத் தட்டுக்கு, நன்றாக வேலை செய்யும். குழாய்ச் சொட்டு காலி வாளியில் விழும்போது ஒரு சத்தம், தண்ணீர் நிறைந்த பிறகு விழும்போது வேறு சத்தம். இரண்டையும் எடுத்தால் ஒரு டிரம் செட்டுக்கு ஆரம்பம் கிடைத்துவிட்டது. எவர்சில்வர் டம்ளரைக் கரண்டியால் ஒரு தட்டுத் தட்டி, அந்த சாம்பிளை (பதிந்த துண்டை) ஓட்டும் வேகத்தைப் பாதியாக்குங்கள். சுருதி ஒரு ஸ்தாயி இறங்கும், நீளம் இரண்டு மடங்காகும், கேட்டால் கோயில் மணிக்குப் பக்கத்தில் வந்து நிற்கும். துண்டின் இரு முனையிலும் 2, 3 மில்லிசெகண்டுக்கு ஃபேட் (சத்தம் மெல்ல ஏறி, மெல்ல இறங்குவது) போட மறக்காதீர்கள், இல்லையென்றால் ஒவ்வொரு அடியிலும் 'டிக்' என்று ஒரு கீறல் வரும். இந்த வேலைக்கு இலவசமாகக் கிடைக்கும் ஆடாசிட்டி மென்பொருளே போதும்.

ஆனால் கொத்து பரோட்டாவை வெட்டாதீர்கள், தயவுசெய்து. கல்லில் இரண்டு தகடும் மாறி மாறி விழும்போது மாஸ்டரின் கையில் ஏற்கெனவே ஒரு நடை இருக்கிறது. அவர் முட்டையை ஊற்றியதும் ஒரு கணம் தயங்கி, மறுபடி வேகம் பிடிக்கிற அந்த இடம்தான் அந்தச் சத்தத்தின் உயிர், கட்டத்தில் போட்டு ஒவ்வொரு அடியையும் கோட்டுக்கு நகர்த்தினால் முதலில் செத்துப்போவது அதுதான். அதனால் மென்பொருளின் வேகத்தை அவருக்கு ஏற்ப மாற்றுங்கள். சீராகப் போகும் இடத்தில் 16 அடிக்கு எவ்வளவு நேரம் ஆகிறது என்று பாருங்கள். 4 விநாடி என்றால் அடிக்கு 250 மில்லிசெகண்ட், இரண்டு அடியை ஒரு பீட்டாக எண்ணினால் 500, அதாவது நிமிடத்துக்கு 120 பீட், சுருக்கமாக 120 பி.பி.எம். (கணக்கு எளிது: 60,000-ஐ பி.பி.எம்-ஆல் வகுத்தால் ஒரு பீட்டின் மில்லிசெகண்ட்.)

இப்போது டிலே, அதாவது சத்தத்தைச் சற்றுத் தாமதித்து எதிரொலியாகத் திருப்பித் தரும் எஃபெக்ட். நேரத்தை 375 மில்லிசெகண்டில் வையுங்கள், அதாவது ஒரு பீட்டின் முக்கால் பங்கு. மிருதங்கம் தெரிந்தவர்களுக்கு ஒரே வரியில் சொல்வதென்றால், அடியில் தகதிமி ஓடிக்கொண்டிருக்க எதிரொலி தகிட தகிட என்று மேலே ஏறி வரும். நான்கு எதிரொலிக்கும் மூன்று பீட்டுக்கும் 1500 மில்லிசெகண்டில் கணக்கு சேரும். ஃபீட்பேக்கை, அதாவது எதிரொலி திரும்பத் திரும்ப வரும் அளவை, 40 சதவீதத்துக்கு மேல் ஏற்றினால் மாஸ்டரின் சொந்த அடி மூழ்கிவிடுகிறது, எதிரொலியில் 150 ஹெர்ட்ஸுக்குக் கீழே இருக்கும் கனத்த ஒலியை வெட்டிவிட்டால் இன்னும் தெளிவு. சொட்டுக் குழாய்க்கும் டிலே போட்டுப் பார்த்தேன், அழகாக இருந்தது, ஆனால் டிலே போட்டால் எந்தச் சொட்டும் அழகாகத்தான் இருக்கும் என்பதால் அதை நான் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை.

கிரைண்டருக்கு இவை இரண்டுமே உதவாது. அது இழுக்கிற சத்தம். வெட்டினால் எல்லாத் துண்டும் ஒரே மாதிரி இருக்கும், டிலே போட்டால் இரைச்சல் மேல் இரைச்சல். அங்கேதான் கேட் (gate): கதவு போலத் திறந்து மூடி, திறந்திருக்கும்போது மட்டும் சத்தத்தை விடும் எஃபெக்ட். நான் ரீப்பர் என்ற ஒலி மென்பொருளில் வரும் ரியாகேட் என்ற கேட்டைப் பயன்படுத்துகிறேன். இன்னொரு டிராக்கில் வெறும் கிளிக்கை ஒரு தாளமாக எழுதி, அதை சைட்செயினாக, அதாவது கதவைத் திறக்கும் கட்டளையாக, கொடுத்தால், கிளிக் விழும்போது மட்டும் கதவு திறந்து கிரைண்டர் உள்ளே வரும். 100 பி.பி.எம்-இல் கால் பீட் 150 மில்லிசெகண்ட், ஆகவே ரிலீஸை (கதவு மூட எடுக்கும் நேரத்தை) 80 மில்லிசெகண்ட் அளவில் வைக்கிறேன். 150-ஐத் தாண்டினால் அடிகள் ஒன்றோடொன்று ஒட்டிப் பழையபடி இரைச்சலாகிவிடும். அட்டாக் (கதவு திறக்க எடுக்கும் நேரம்) 5 மில்லிசெகண்ட். இதில் எனக்கு மிகவும் பிடித்தது, கல் சுற்றச் சுற்ற மாவின் பதம் மாறுவதால் ஒவ்வொரு திறப்பிலும் கொஞ்சம் வேறு சத்தம் வருவது. அரிசி போட்ட புதிதில் கரகரப்பு, கடைசியில் வழவழப்பு. தாளம் மாறவே இல்லை, ஆனாலும் பாட்டு நகர்கிறது.

இந்த வேலைக்கு முன்னோடியான பிரெஞ்சு இசையமைப்பாளர் பியேர் ஷேஃபர், 1948-இல் பாரிஸில் ரயில் சத்தத்தை இசைத்தட்டில் பதிந்து, பள்ளத்தை வட்டமாக மூடித் திரும்பத் திரும்ப ஓடவிட்டார். நிமிடத்துக்கு 78 சுற்று சுற்றும் தட்டு என்றால் ஒரு சுற்றுக்கு சுமார் 0.77 விநாடி, லூப்பின் நீளமும் அவ்வளவுதான், கூட்டவோ குறைக்கவோ வேண்டுமென்றால் தட்டின் வேகத்தையே மாற்ற வேண்டும், அதோடு சுருதியும் மாறிவிடும். நம்மிடம் அந்தக் கட்டு இல்லை. கிரைண்டர் பதிவு கையில் இருந்தால் 90, 100, 110 பி.பி.எம் மூன்றிலும் கேட் எஃபெக்டை ஓட்டிப் பாருங்கள், என் காதுக்கு 90-தான் மாவரைக்கிற வேகம்.