ரியர் மீட்பு யூஎஸ்பி: கேள்வி கேட்காமல் மீட்டுத் தருமா?

சர்வரின் வட்டு செத்துவிட்டது. புது வட்டைப் பொருத்தி, யூஎஸ்பி டிரைவைச் செருகி, ஆன் செய்துவிட்டு நகர்ந்துவிட வேண்டும். திரும்பி வரும்போது பழைய சர்வர் லாகின் கேட்டுக்கொண்டு நிற்க வேண்டும். லினக்ஸ் சர்வர்களுக்கான இலவச மென்பொருள்களில் இந்த ஆசைக்குக் கிட்டத்தில் வருவது ரிலாக்ஸ் அண்ட் ரெகவர், சுருக்கமாக ரியர். ஜிபிஎல் 3 என்ற திறமூல உரிமம், முழுக்க பாஷ் ஸ்கிரிப்ட் (லினக்ஸ் கட்டளைகளை வரிசையாக எழுதிய கோப்புகள்). எங்கே முட்டிக்கொண்டது என்று திறந்து படித்துவிடலாம். மீட்பு வேலையில் இது சின்ன வசதியல்ல.

வட்டை நகலெடுக்கும் இன்னொரு இலவச மென்பொருளான குளோன்சில்லாவிலும் கேள்வியில்லாத மீட்பு ஐஎஸ்ஓ (பூட் ஆகக்கூடிய ஒற்றைக் கோப்பு) செய்யலாம். ஆனால் வழக்கமாக அதற்குச் சர்வரை நிறுத்தித்தான் படிமம் எடுக்க வேண்டும். ரியர் ஓடுகிற கணினியின் கர்னலையும் மாட்யூல்களையும் கொண்டே மீட்புச் சூழலைக் கட்டுகிறது. பார்ட்டிஷன், எல்விஎம் (வட்டிடத்தை நெகிழ்வாகப் பங்கிடும் வசதி), ரெய்டு (பல வட்டுகளைச் சேர்த்து இயக்குவது) விவரங்களை டிஸ்க்லேஅவுட் கோப்பில் எழுதி வைத்துக்கொண்டு, மீட்கும்போது அதைப் பார்த்து வட்டை மறுபடி அமைத்து, பேக்கப் கோப்புகளை ஒன்றாகக் கட்டி வைத்த டார் கோப்பை அதில் விரிக்கிறது. ஓடுகிற டேட்டாபேஸை டாரில் அள்ளினால் சீராக இருக்காது. அதற்கு டேட்டாபேஸின் சொந்தக் கட்டளையால் தனி நகல் (டம்ப்) எடுத்தே ஆக வேண்டும்.

அமைப்பது எளிது. ‘ரியர் ஃபார்மட்’ கட்டளையால் டிரைவைத் தயார் செய்தால் அதிலிருந்ததெல்லாம் அழிந்து ரியர்-000 என்ற லேபிள் வரும். யுஇஎஃப்ஐ (பயாஸுக்குப் பதில் வந்த புதிய பூட் முறை) கணினி என்றால், பழைய ரியர் பதிப்புகளில் இஎஃப்ஐ தெரிவையும் சேர்க்க வேண்டும். விட்டுவிட்டால் டிரைவ் பூட் ஆகாமல் போகலாம். லோக்கல் கான்ஃப் கோப்பில் மூன்று வரி போதும்: அவுட்புட் யூஎஸ்பி, பேக்கப் நெட்எஃப்எஸ், பேக்கப் யூஆர்எல்லில் அந்த லேபிளின் பாதை. பிறகு மீட்புச் சூழலையும் பேக்கப்பையும் சேர்த்து உருவாக்கும் ‘எம்கேபேக்கப்’ கட்டளை. இதுவரை முழு மதிப்பெண்.

ஐஎஸ்ஓ கோப்புக்குள்ளேயே பேக்கப்பையும் திணிக்க நினைப்பவர்கள் 2 ஜிபியைத் தாண்டிய ஒற்றை டார் கோப்பில் மாட்டிக்கொள்வார்கள். டேட்டா நிறைய இருந்தால் என்எஃப்எஸ் (நெட்வொர்க்கில் உள்ள கோப்புச் சேமிப்பு) அல்லது யூஎஸ்பிதான் எளிய வழி.

ஆள் இல்லாத மீட்புக்குக் கர்னல் வரியில் (பூட் ஆகும்போது கர்னலுக்குக் கொடுக்கும் தெரிவுகளில்) ‘அன்அட்டெண்டட்’ சேர்க்க வேண்டும். ‘ஆட்டோ ரெகவர்’ மீட்பைத் தானே தொடங்கும். ‘அன்அட்டெண்டட்’ அதோடு, மீட்பு நல்லபடி முடிந்ததும் ரீபூட்டும் செய்யும். வில்லங்கம் அந்த ரீபூட்டில்தான். பயாஸில் யூஎஸ்பி முதலிடத்தில் இருந்தால், மீட்டு முடித்த கணினி மறுபடி அதே டிரைவில் பூட் ஆகி, மறுபடி வட்டை அழித்து, மறுபடி மீட்கும். யாராவது டிரைவைப் பிடுங்கும் வரை இந்தச் சுற்று ஓயாது. பூட் வரிசையில் வட்டை முதலில் வையுங்கள், மீட்கும்போது மட்டும் ஒருமுறைக்கான பூட் மெனுவில் யூஎஸ்பியைத் தேர்ந்தெடுங்கள். ஐஎஸ்ஓ மெனுவின் இயல்புத் தெரிவு வட்டிலிருந்து பூட் செய்வதாக வைக்கப்பட்டிருப்பதும் இந்த மாதிரி விபத்துக்கு எதிரான நல்ல வேலிதான்.

இரண்டாவது சிக்கல் வட்டின் அளவு. புது வட்டு பழையதன் அளவிலேயே இல்லாவிட்டால் ரியர் மைக்ரேஷன் மோடுக்குப் போய்விடும்: எந்த வட்டுக்குப் பதில் எது, லேஅவுட் சரியா, ஸ்கிரிப்டை ஓட்டலாமா என்று வரிசையாகக் கேட்கும். யாரும் பதில் சொல்லாவிட்டால் குறிப்பிட்ட நேரம் காத்திருந்து, முன்னிருப்புப் பதிலையே எடுத்துக்கொள்ளும். கேள்விக்குக் கேள்வி நேரம் வீண். அதுகூடப் பரவாயில்லை. இரண்டு வட்டு உள்ள கணினியில் தவறான வட்டைப் பொருத்திக்கொண்டாலும், தடுக்க ஆளில்லாததால் அதையே ‘சரி’ என்று அழித்துவிடும். டேட்டா வட்டு தனியாக இருக்கும் சர்வரில் அதன் கேபிளைக் கழற்றாமல் இந்த மோடை ஓட்டவே கூடாது.

லினக்ஸின் வட்டுக் குறியாக்கமான லக்ஸ் இருந்தால் கடவுச்சொல் கேட்டு நின்றுவிடும். சாவியையும் மீட்பு டிரைவிலேயே வைத்தால் நிற்காது, ஆனால் டிரைவ் தொலைந்தால் குறியாக்கமும் தொலைந்தது. எஸ்ஈலினக்ஸ் என்ற பாதுகாப்பு அடுக்கு உள்ள கணினி, மீட்டபின் முதல் பூட்டில் எல்லாக் கோப்புகளுக்கும் பாதுகாப்பு லேபிள் போட்டு இன்னொரு முறை ரீபூட் ஆகும். தொங்கிவிட்டது என்று பதறி பவரை அணைக்காதீர்கள்.

பிடித்தது, வட்டு அமைப்பு மாறியிருக்கிறதா என்று பார்க்கும் ‘செக்லேஅவுட்’ கட்டளை. வட்டு அமைப்பு மாறியிருந்தால் மட்டும் மீட்பு டிரைவைப் புதுப்பிக்கும்படி ‘எம்கேரெஸ்க்யூ’வோடு (மீட்புச் சூழலை மட்டும் உருவாக்கும் கட்டளை) சேர்த்து, குறித்த நேரத்தில் வேலைகளை ஓட்டும் கிரானில் இரவில் ஓட்டிவிடலாம். எல்விஎம்மை மாற்றிவிட்டு பழைய டிரைவை நம்பியிருப்பவர்கள்தான் அதிகம். அவர்களுக்கு இந்த ஒரு வரி போதும்.

ஒரே மாடல், ஒரே அளவு வட்டு உள்ள பல கணினிகளுக்கு அன்அட்டெண்டட் மோடைத் தயங்காமல் வைக்கலாம், அதுவும் உதிரி வட்டு ஒன்றில் முழு மீட்பை ஒருமுறை ஓட்டிப் பார்த்த பிறகு. வன்பொருள் மாறும் இடமென்றால் ஆட்டோ ரெகவரோடு நிறுத்திக்கொண்டு, திரைமுன் ஓர் ஆளை உட்கார வையுங்கள்.