மெகனியூரா இறக்கையும் நம் ஊர்த் தட்டான் இறக்கையும்

பினாங்கு தண்ணீர்மலைக்கு அருகிலுள்ள தாவரவியல் பூங்காவில், மழை விட்ட மாலைகளில் பறக்கும் மஞ்சள் தட்டானின் விரிந்த இறக்கைகள் நுனிக்கு நுனி ஏறக்குறைய 8 செ.மீ. இருக்கும். பிரான்சின் கொமான்ட்ரி நிலக்கரிச் சுரங்கத்தில் கிடைத்து, 1885-இல் பிரெஞ்சுப் பூச்சியியலாளர் சார்ல் புரோன்யார் பெயரிட்ட, தட்டான் போன்ற புதைபடிவப் பூச்சியான மெகனியூராவுக்கோ அது சுமார் 65 செ.மீ. ஆயினும் உண்மையான வேறுபாடு அளவில் இல்லை, இறக்கையில் கோடுகளாக ஓடும் நரம்புகளின் அமைப்பில்தான் இருக்கிறது.

தட்டான் புல்நுனியில் அமரும்போது குனிந்து பாருங்கள்: இறக்கையின் முன்விளிம்பில், நடுப்பகுதியை ஒட்டி, ஒடித்து ஒட்டவைத்ததுபோல் ஒரு கணு தெரியும்; நுனிக்கருகே சிறு நிறப்புள்ளி ஒன்று இருக்கும். இறக்கை முறியாமல் முறுக்கிக்கொள்ளக் கணு இடம் தருகிறது. புள்ளியோ அழகுக்கானது அன்று. இறக்கையடிக்காமல் வேகமாகச் சறுக்கிச் செல்கையில், அதன் சிறு எடை இறக்கை படபடத்து அதிர்வதைத் தடுக்கிறது. (சிறுவயதில் தட்டானின் வாலில் நூல் கட்டிப் பறக்கவிட்ட எங்களுக்கு இதெல்லாம் தெரியாது.) இறக்கையின் அடிப்பகுதியில் முக்கோண அறை ஒன்றும் உண்டு.

சுமார் 30 கோடி ஆண்டுகளுக்கு முந்தைய மெகனியூராவில் இம்மூன்றும் இல்லை. முன்விளிம்பை அடுத்துள்ள நரம்பு, தட்டானில் கணுவோடு நின்றுவிட, மெகனியூராவில் நுனியை நோக்கி நெடுந்தூரம் ஓடுகிறது. நீள நரம்புகளுக்கு இடையே குறுக்கு நரம்புகள் மீன்வலைபோல் நெருங்கியிருக்கின்றன. மேடும் பள்ளமுமாக மடிந்த விசிறியமைப்பு இரண்டுக்கும் பொது. எனவே அதை ராட்சதத் தட்டான் என்பதைவிட, தட்டானுக்கு ஒன்றுவிட்ட உறவு என்பதே பொருத்தம்; சட்டெனத் திரும்பும் திறனில் என் வாக்கு பூங்காத் தட்டானுக்கே.