பழைய லேப்டாப்: முதல் காசு எஸ்எஸ்டிக்கா, ரேமுக்கா?

மண்டபம், பாம்பன், தங்கச்சிமடம் பக்கம் பல வீடுகளில் பீரோ மேல் ஒரு பழைய லேப்டாப் கிடக்கிறது. சிலது 2011-ல் தொடங்கிய அரசின் விலையில்லா மடிக்கணினித் திட்டத்தில் பிள்ளைகளுக்குக் கிடைத்தது. ஆன் செய்தால் சுற்றிக்கொண்டே இருக்கிறது என்று ஓரங்கட்டியிருப்பார்கள். கடைக்குத் தூக்கிக்கொண்டு போனால் ஒருவர் ரேம், அதாவது ஓடுகிற வேலைகளைத் தற்காலிகமாக வைத்திருக்கும் மெமரி, போடச் சொல்வார், அடுத்தவர் ஹார்ட் டிஸ்குக்குப் பதிலாகப் போடும் எஸ்எஸ்டி என்பார், இன்னொருவர் இதற்குப் போய்ச் செலவு செய்வானேன், செகண்ட்ஸில் வேறு வாங்கிக்கோ என்பார். என் கணக்கு இதுதான்: ஒன்றுக்குத்தான் காசு இருக்கிறது என்றால் எஸ்எஸ்டி. ரேம் வெறும் 2 ஜிபி இருக்கிற மெஷினுக்கு மட்டும் இது பொருந்தாது.

ஏனென்றால் பழைய லேப்டாப்பில் பெரும்பாலும் மெதுவாக இருப்பது ஹார்ட் டிஸ்க்தான். உள்ளே ஒரு தட்டு நிமிடத்துக்கு 5400 முறை சுற்றுகிறது, ஒவ்வொரு ஃபைலுக்கும் அதன் ஊசிமுனை இடம் தேடி நகர வேண்டும். ஒரே பெரிய படத்தைக் காப்பி செய்யும்போது நொடிக்கு 100 எம்பி பக்கம் கிடைக்கும், சரி. ஆனால் விண்டோஸ் கிளம்பும்போது ஆயிரக்கணக்கான துண்டு ஃபைல்களைப் படிக்கிறது, அப்போது அந்த வேகம் 1, 2 எம்பிக்குக்கூட விழுந்துவிடும். எஸ்எஸ்டியில் நகர எதுவுமே இல்லை. மெஷினில் டிஸ்க் மாட்டும் இணைப்பு பழைய சாட்டா 2 வகை என்றால் நொடிக்கு 500 எம்பி போகிற எஸ்எஸ்டி 300-க்குள் அடங்கிவிடும் என்று பயமுறுத்துவார்கள், அடங்கட்டும், தேடுகிற நேரம் மிச்சமாவதே போதும்.

ரேமை 4 ஜிபியிலிருந்து 8 ஆக்கினால் குரோமில் நிறைய பக்கம் திறந்து வைப்பவர்களுக்கு உதவும். வாங்குமுன், எது எவ்வளவு வேலை செய்கிறது என்று விண்டோஸில் காட்டும் டாஸ்க் மேனேஜரைத் திறந்து பாருங்கள். டிஸ்க் 100 சதவீதத்தில் நின்று மெமரி பாதியில் இருந்தால், ரேமுக்குக் கொடுக்கிற காசு கடலில் கரைத்த பெருங்காயம். இன்னொன்று, பழைய லேப்டாப்களில் வரும் டிடிஆர்3 ரேம் என்று கேட்டால் கடையில் இரண்டு வகை நீட்டுவார்கள். 1.35 வோல்ட் 'எல்' வகை பொதுவாக இரண்டு மெஷினுக்கும் ஒத்துப்போகும், 1.5 வோல்ட் வகை அப்படி இல்லை. பழைய சிப்பைக் கழற்றிக் கையோடு கொண்டுபோவது நல்லது. சில மாடல்களில் அது போர்டோடு பற்றவைத்திருக்கும், கழற்றவே முடியாது.

நம் கரையில் இந்த இரண்டுக்கும் முன்னால் செய்ய வேண்டிய வேலை ஒன்று இருக்கிறது. தென்மேற்கிலிருந்து கச்சான் காற்று வீசும் மாதங்களில் ஜன்னலோரம் இருந்த மெஷினைத் திறந்து பாருங்கள், ரேம் சிப்பின் பொன்னிறப் பற்கள் மங்கி, ஸ்லாட் ஓரத்தில் களிம்பு படர்ந்திருக்கும், அடிப்பக்க ஸ்க்ரூவின் தலை துருவேறித் திருப்புளியே பிடிக்காது. காற்றில் ஈரப்பதம் 75 சதவீதத்தைத் தாண்டினால் உப்பு தானாகவே நீரை இழுத்துக் கசிந்துவிடும், கடல் உப்பில் மக்னீசியம் குளோரைடும் கலந்திருப்பதால் அதற்கு முன்பே ஈரம் கோத்துக்கொள்ளும். பேட்டரியைக் கழற்றிவிட்டு, பற்களைப் பென்சில் அழிரப்பரால் மெல்லத் தேய்த்து, ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலால் துடைத்து, நன்றாகக் காயவிட்டு மாட்டுங்கள். ரேம் போய்விட்டது என்று எடுத்துவைத்த சில மெஷின்கள் இதிலேயே எழுந்துகொள்ளும். ஹார்ட் டிஸ்கிலும் காற்று போய்வர ஒரு சின்ன ஓட்டை உண்டு, இந்தக் கரையில் நான் எஸ்எஸ்டி பக்கம் சாய அதுவும் ஒரு காரணம்.

செகண்ட்ஸில் வாங்குவது? சென்னை ரிச்சி தெரு வரை போய் வாங்கி வந்தாலும் அதன் பேட்டரி, கீல், சார்ஜிங் முனை எல்லாம் யார் கையில் என்ன பாடுபட்டதோ நமக்குத் தெரியாது. பிராசஸர் இன்டெல் 8-ஆம் தலைமுறையோ அதற்கு மேலோ இருந்து, விண்டோஸ் 11 கட்டாயம் வேண்டும் என்றால் மட்டும் யோசிக்கலாம். விண்டோஸ் 10-க்கு வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14-ஓடு முடிந்துவிட்டது. பழைய மெஷினில் 11-ஐக் குறுக்கு வழியில் ஏற்றித் தருவார்கள், அடுத்தடுத்த அப்டேட் வரும் என்பதற்கு உத்தரவாதம் கிடையாது. டிஎன்பிஎஸ்சி விண்ணப்பம், பிள்ளைகள் பாடம், கருவாட்டுக் கணக்கு, யூடியூப் இவ்வளவுதான் வேலை என்றால் எஸ்எஸ்டி போட்டு, விண்டோஸுக்குப் பதிலாக லினக்ஸ் மின்ட் எக்ஸ்எஃப்சிஇ என்ற இலவச இயங்குதளத்தை ஏற்றுங்கள், 4 ஜிபியிலேயே ஓடும், தமிழ்99 விசைப்பலகையும் சேர்த்துக்கொள்ளலாம். கணக்கு எழுதும் டேலி மாதிரி விண்டோஸ் மென்பொருளை நம்பித் தொழில் செய்பவர்களுக்கு இதை நான் சொல்ல மாட்டேன்.

எஸ்எஸ்டி வாங்கும்போது பெயரே கேள்விப்படாத கம்பெனியின் 1 டிபி, அடிமாட்டு விலைக்கு என்று ஆன்லைனில் வந்தால் தொடாதீர்கள், கொள்ளளவு போலியாக இருக்கலாம். வாரண்டி உள்ள 240 அல்லது 256 ஜிபி போதும். கழற்றிய ஹார்ட் டிஸ்கை யூஎஸ்பி உறையில் போட்டால் போட்டோக்களுக்கு ஒரு நகலாச்சு. பேட்டரி உப்பியிருந்தால் மட்டும் மேலே சொன்ன வரிசையெல்லாம் அப்புறம், முதலில் அதைக் கழற்றி மாற்றுங்கள்.