செங்காது ஆமையின் ஓட்டுக்கு வெயிலா, யூவிபி விளக்கா?

ஓடு இறுக வைட்டமின் டி3 வேண்டும். அதைத் தோலில் உண்டாக்குவது யூவிபி என்ற புற ஊதாக் கதிர். அதில் வெயிலுக்கு எந்த விளக்கும் ஈடில்லை. காலையில் அரை மணி நேரம் வெளியே வையுங்கள். பாதித் தொட்டிக்கு நிழல் கட்டாயம், சிறு தொட்டி விரைவில் சூடேறி உயிரையே வாங்கிவிடும். ஜன்னல் வழி வெயில் உதவாது. கண்ணாடி யூவிபியைத் தடுத்துவிடும்.

விளக்கு மழைக்காலத்திலும் கைகொடுக்கும். உட்காரும் மேடைக்குச் சுமார் 30 செ.மீ. மேலே, இடையில் கண்ணாடி இல்லாமல், தினம் 10 முதல் 12 மணி நேரம். வெளிச்சம் அப்படியே இருந்தாலும் நாளாக நாளாக யூவிபி கதிர் குறைந்துவிடும். குழல் விளக்கை ஆண்டுதோறும் மாற்றுங்கள். மேடைச் சூட்டுக்கு, சுமார் 32 டிகிரி, தனி பல்பு வேண்டும். ஓடு முழுதும் உலராவிட்டால் அழுகல் தொடங்கும்.

மொட்டைமாடி இருந்தால் வெயில், அடுக்ககத்தில் விளக்கு. வளர்ந்த ஆமையின் ஓடு விரலுக்கு அமுங்கினால் உடனே கால்நடை மருத்துவரிடம் போங்கள்.