டெல்டா ரிசர்வ் கார்டு: கூடுதல் 300 டாலருக்கு என்ன கிடைக்கிறது?

அமெரிக்க விமான நிறுவனமான டெல்டாவின் பெயரில் அமெரிக்கன் எக்ஸ்பிரஸ் (அமெக்ஸ்) வழங்கும் கடன் அட்டையான டெல்டா ஸ்கைமைல்ஸ் ரிசர்வ் கார்டின் ஆண்டுக் கட்டணம் 2024 பிப்ரவரியில் 550 டாலரிலிருந்து 650 டாலராக ஏறியது. சலுகைகளை வரிசையாகக் கூட்டிப் பார்த்தால் கட்டணத்தைவிடப் பெரிய தொகைதான் வரும். ஆனால் அந்தக் கூட்டலில் பெரும்பகுதி, இதன் தம்பியான 350 டாலர் டெல்டா பிளாட்டினம் கார்டிலும் இருக்கிறது. முதல் பெட்டிக்குக் கட்டணமில்லை, மைல் (டெல்டா தரும் பயணப் புள்ளி) கொடுத்து எடுக்கும் டிக்கெட்டில் 15% தள்ளுபடி, அடிக்கடி பறப்பவருக்கு டெல்டா தரும் மெடாலியன் அந்தஸ்துக்கான எம்க்யூடி (தகுதிப் புள்ளி) கணக்கில் வருடந்தோறும் 2,500, ஊபர், லிஃப்ட் டாக்சி செலவில் மாதம் 10 டாலர் திரும்ப: இவை இரண்டுக்கும் பொது. ஆகவே ரிசர்வை எடைபோட வேண்டியது அந்தக் கூடுதல் 300 டாலரை வைத்துத்தான்.

அதில் முதல் இடம் விமான நிலையங்களில் டெல்டா நடத்தும் ஓய்வறையான ஸ்கை கிளப் லவுஞ்சுக்கு. 2025 பிப்ரவரி 1 முதல் வருடத்துக்கு 15 வருகைதான். ஒரு வருகை என்பது முதல் நுழைவிலிருந்து 24 மணி நேரம். கிளம்பும் ஊரிலும், விமானம் மாறும் அட்லாண்டாவிலும் போய் உட்கார்ந்தாலும் ஒன்றாகவே எண்ணப்படும். வெவ்வேறு நாளில் போய்த் திரும்பினால் இரண்டு. அதாவது ஏழு பயணம் போய்வந்த பிறகும் ஒன்று மிஞ்சும். லவுஞ்ச் இல்லாவிட்டால் விமான நிலையத்தில் சாப்பாடு, காபிக்கு 20 டாலர் ஆகும் என்று வைத்தால், 15 வருகையையும் தீர்த்தால்தான் 300 டாலர் நேராகிறது. வருடத்துக்கு மூன்று முறை பறப்பவருக்கு இது 120 டாலர் சலுகை, அவ்வளவே.

குடும்பத்தோடு போகிறவர்கள் இங்கேதான் ஏமாறுகிறார்கள். கார்டு வைத்திருப்பவர் மட்டுமே இலவசம். உடன் வருபவருக்குத் தலைக்கு 50 டாலர். வருடத்துக்கு நான்கு விருந்தினர் பாஸ் தருகிறார்கள், ஆனால் நான்கு பேர் கொண்ட குடும்பம் ஒரே நாளில் மூன்றைக் கரைத்துவிடும். புறப்பாட்டுக்கு மூன்று மணி நேரத்துக்கு முன்னால் போனால் உள்ளே விடமாட்டார்கள். மிக மலிவான பேசிக் டிக்கெட்டுக்கு நுழைவே கிடையாது. 40 டாலர் மிச்சம் என்று அந்த டிக்கெட்டை எடுத்துவிட்டு லவுஞ்ச் வாசலில் வாதாடிப் பயனில்லை.

அடுத்தது, கார்டைப் புதுப்பிக்கும் ஒவ்வொரு வருடமும் வரும் துணைப்பயணிச் சான்றிதழ். முதல் வருடம் இது வராது. பிளாட்டினத்தில் சாதாரண வகுப்புக்கு மட்டும். ரிசர்வில் முதல் வகுப்புக்கும் கம்ஃபர்ட் வகுப்புக்கும் பயன்படுத்தலாம். அமெரிக்காவுக்குள் போய்வர இரண்டாவது ஆளுக்கு வரி, கட்டணம் மட்டும், அதிகபட்சம் 80 டாலர். மெக்சிகோ, கரீபியன், மத்திய அமெரிக்கா என்றால் 250 வரை. போய்வரும் டிக்கெட்டாகவே இருக்க வேண்டும், இருவரும் ஒரே விமானங்களில் போக வேண்டும். எந்த டிக்கெட்டுக்கும் செல்லும் என்று நினைக்கக் கூடாது: சாதாரண வகுப்பில் L, U, T, X, V என்று எழுத்தால் குறிக்கும் கட்டண வகைகளில் இடம் இருந்தால்தான் எடுபடும். நன்றி அறிவித்தல் விடுமுறை, கிறிஸ்துமஸ் வாரத்தில் தேடிப் பார்த்தால் தெரியும் கஷ்டம். கைக்காசு கொடுத்து முதல் வகுப்பில் போகும் பழக்கமுள்ள தம்பதிக்கு இந்த ஒரு சான்றிதழே 300 டாலரைத் தாண்டிவிடும். இலவசம் என்பதற்காக மட்டும் முதல் வகுப்பு எடுப்பவருக்கு அது மிச்சமல்ல, கூடுதல் செலவு.

மற்றவை சில்லறைக் கூப்பன்கள். மேசை முன்பதிவுத் தளமான ரெசியில் சேர்ந்த அமெரிக்க உணவகங்களில் மாதம் 20 டாலர் (பிளாட்டினத்தில் 10), டெல்டாவின் விடுதிப் பதிவுத் தளமான டெல்டா ஸ்டேஸ் வழியாக முன்பணம் கட்டும் விடுதிக்கு வருடம் 200 டாலர் (பிளாட்டினத்தில் 150). ரெசிக்கும் டாக்சிக்கும் முன்கூட்டியே பதிவு செய்ய வேண்டும். மாதம் முடிந்தால் அந்த மாதத் தொகை போச்சு, அடுத்த மாதத்துக்குச் சேராது. டெல்டா ஸ்டேஸ் போல வெளியில் பதிவு செய்யும் அறைக்குப் பெரும்பாலான விடுதிக் குழுமங்கள் தங்கள் புள்ளிகளைத் தருவதில்லை.

யாரும் கவனிக்காத வேடிக்கை ஒன்று உண்டு. விலை கூடிய கார்டு மளிகைக்குக் குறைவாகத் தருகிறது. டெல்டா டிக்கெட்டுக்கு இரண்டும் டாலருக்கு 3 மைல். உணவகம், அமெரிக்க சூப்பர் மார்க்கெட் என்றால் பிளாட்டினம் 2 மைல், ரிசர்வ் 1 மைல். மாதம் 600 டாலர் மளிகை வாங்கும் வீட்டுக்கு வருடத்தில் 7,200 மைல் நஷ்டம். மைலுக்கு ஒரு சென்ட் என்றாலும் 72 டாலர்.

அந்தஸ்துக்காக வாங்குபவர்கள் கணக்கை இப்படிப் போட வேண்டும். மெடாலியனின் முதல் படியான சில்வருக்கு 5,000 எம்க்யூடி தேவை. இலவசமாக வரும் 2,500 போக மீதிக்கு, 10 டாலருக்கு ஒன்று வீதம் 25,000 டாலர் தேய்க்க வேண்டும். அதே செலவை 2% பணம் திருப்பித் தரும் கார்டில் போட்டால் 500 டாலர். இங்கே 25,000 மைல், சுமார் 250 டாலர். ஆக சில்வரின் உண்மை விலை 250. 75,000 டாலர் செலவழித்து எல்லையற்ற லவுஞ்ச் பெறுவதும் இதே கதைதான், விலை மட்டும் 750. ரிசர்வோடு பிளாட்டினமும் கையில் இருந்தால் இரண்டு 2,500 சேர்ந்து செலவில்லாமலே சில்வர் வந்துவிடும் என்பது தனி.

ஊருக்குப் போகும் டிக்கெட்டுக்காக இதை வாங்க நினைப்பவர்கள் கவனிக்க: துணைப்பயணிச் சான்றிதழ் இந்தியாவுக்குச் செல்லாது. 15% தள்ளுபடி டெல்டாவே இயக்கும் விமானத்துக்கு மட்டும். பாரிஸ், ஆம்ஸ்டர்டாமுக்கு அப்பால் ஏர் பிரான்ஸ், கேஎல்எம்மில் ஏறினால் கிடைக்காது.

வாங்குவதென்றால் டெல்டா கார்டுகளில் கோல்டு, பிளாட்டினம், ரிசர்வ் என்று கீழிருந்து மேலே போவது நல்லது. மேல் கார்டை முதலில் எடுத்தவருக்குக் கீழ் கார்டின் சேர்க்கை போனஸ் மறுக்கப்படலாம். முதல் 12 மாதத்துக்குள் ரத்து செய்தாலோ தரம் இறக்கினாலோ கொடுத்த போனஸைத் திரும்ப எடுத்துக்கொள்ளும் உரிமை அமெக்ஸுக்கு உண்டு. இரண்டாம் வருடக் கட்டணம் ஏறிய பில் முடிந்த 30 நாளுக்குள் ரத்து செய்தால் கட்டணம் முழுதாகத் திரும்பும். அந்த நாளை நாட்காட்டியில் முன்பே குறித்து வைத்து, அதுவரை லவுஞ்சுக்கு எத்தனை முறை போனீர்கள் என்று எண்ணிப் பாருங்கள்.