புறங்கைக்குக் கொழுப்பு ஏற்றி மூன்றரை வருஷம்: என் அனுபவம்

நாங்கள் நகரத்தார் கும்பிடும் பிள்ளையார் நோன்பன்று எங்கள் வீட்டில் இழை எடுத்துக் கொடுப்பது நான்தான். 21 நூல் திரியை மாவில் பொதிந்து, ஏற்றி, சுடரோடு ஒவ்வொருவர் கையிலும் கொடுக்க வேண்டும்; வாங்கியவர் அதை அப்படியே வாயில் போட்டுக்கொள்வார். 2021 நோன்பில் மகன் அதைப் படம் எடுத்தான். சுடர் வெளிச்சத்தில் என் புறங்கை மட்டும் தனியாகத் தெரிந்தது. தோல் வற்றி, பச்சை நரம்பு புடைத்து, விரலுக்கு ஓடும் தசைநாண்கள் குச்சி குச்சியாக நின்றன. பேத்தி நரம்பை அமுக்கிப் பார்த்து, "அப்பத்தா, இதுக்குள்ள கயிறு இருக்கா?" என்று கேட்டாள். எனக்கு இரண்டு நாள் மனசு சரியில்லை. அப்போது எனக்கு 57 வயது.

காரைக்குடியில் இருந்துகொண்டு இதற்கெல்லாம் வைத்தியம் பார்ப்பதா என்று என் ஆச்சிக்கு வருத்தம். "உழைச்ச கைக்கு என்னத்தா குறை?" என்றார்கள். குறை என்று நானும் நினைக்கவில்லை. ஆனால் விருந்துக்குப் பந்தியில் பரிமாறும்போது எல்லார் கண்ணும் இலையில் இருக்கும், இலைக்கு மேலே இருப்பது என் கை. அது எனக்கு உறுத்தியது, அவ்வளவுதான்.

மதுரையில் ஒரு பிளாஸ்டிக் சர்ஜனைப் பார்த்தோம். வயதானால் புறங்கைத் தோலுக்கு அடியில் இருக்கும் மெல்லிய கொழுப்பு குறைந்துவிடுகிறது, மூடியிருந்த நரம்பு அதனால்தான் மேலே தெரிகிறது என்றார். நம் வயிற்றிலோ தொடையிலோ இருந்து கொழுப்பை எடுத்து அந்த இடத்தை நிரப்புவதுதான் 'ஃபேட் கிராஃப்டிங்'. புது வித்தையோ என்று பயந்தேன். முகத் தழும்பின் பள்ளத்தைக் கையிலிருந்து எடுத்த கொழுப்பால் 1893-லேயே ஜெர்மனியில் குஸ்டாவ் நொய்பர் என்பவர் நிரப்பியிருக்கிறார். கைக்கு இன்று பலரும் பின்பற்றும் முறையைப் பிரபலமாக்கியவர் நியூயார்க் டாக்டர் சிட்னி கோல்மன்.

2022 பிப்ரவரியில் செய்துகொண்டேன். தொப்புளுக்குப் பக்கத்தில் சின்னத் துளை போட்டு, மரத்துப்போகும் மருந்து கலந்த உப்புநீரை உள்ளே செலுத்தி, மெல்லிய குழாயால் கொழுப்பை உறிஞ்சினார்கள். அதை மெஷினில் சுழற்றினால் எண்ணெயும் நீரும் பிரிந்து, நடுவில் நல்ல கொழுப்பு நிற்கிறது. கைக்கு 20 மில்லி வீதம், முனை மழுங்கிய ஊசியால் மணிக்கட்டுப் பக்கமிருந்தும் விரலிடுக்கிலிருந்தும் ஏற்றினார்கள். ஒரே இடத்தில் கொட்டாமல் பொட்டுப் பொட்டாகப் பரப்ப வேண்டுமாம். சுற்றியிருக்கும் சதையிலிருந்து ரத்தம் கிடைத்தால்தான் ஏற்றிய கொழுப்பு உயிரோடு ஒட்டும், உருண்டையாகத் தேங்கினால் நடுப்பகுதி செத்துப்போகும். கூடுமானவரை நிதானமாகச் செய்கிறவரைத் தேடச் சொல்வது இதனால்தான்.

வலி கையில் இருக்கும் என்று நினைத்துப் போனேன். வயிறுதான் வலித்தது, கன்றிப்போய்ப் பத்து நாள் குனிய முடியவில்லை. இறுக்கமான பெல்ட் போட்டுக்கொண்டே தூங்கினேன். கை பன் மாதிரி வீங்கியது. தலையணை மேல் உயர்த்தி வைத்து, வாசலில் கோலமும் போடாமல், கொட்டான் முடையும் ஓலையையும் தொடாமல் மூன்று வாரம் உட்கார்ந்திருந்தேன். வலது சுண்டுவிரல் பக்கம் ஒரு ரூபாய் அளவுக்கு மரத்துப்போய், இரண்டு மாதம் கழித்துத்தான் உணர்ச்சி திரும்பியது.

முதல் மாதத்தில் கண்ணாடி முன்னால் கையைப் பார்த்து மகிழ்ந்தது பொய் மகிழ்ச்சி. அது பாதி வீக்கம். ஏற்றியதில் ஒரு பங்கை உடம்பே கரைத்துவிடும், நிஜமான நிலை தெரிய மூன்றிலிருந்து ஆறு மாதம் ஆகும். முதலில் ஆலோசனை சொன்ன இடத்தில் இதைச் சொல்லவே இல்லை, "ஒரு தடவை போதும்மா" என்று மட்டும் சொன்னார்கள். ஆறாவது மாதத்தில் இடது கை நன்றாக நின்றது, வலது கையில் நடுவிரலுக்கு மேலே பள்ளம் தெரிந்தது. அன்று எனக்கு வந்த கோபம் இன்னும் முழுதாகத் தணியவில்லை. இரண்டு கையும் ஒரே அளவு ஒட்டுவது அபூர்வம், இரண்டாம் முறை தேவைப்படலாம் என்பதை ஆரம்பத்திலேயே சொல்லியிருக்க வேண்டும். ஆள்காட்டி விரலடியில் மிளகு அளவில் ஒரு கட்டியும் வந்தது. ஸ்கேனில் எண்ணெய்க் கட்டி (ஒட்டாமல் செத்த கொழுப்பு எண்ணெயாகத் தேங்குவது) என்று தெரிந்தது, தொந்தரவில்லாததால் விட்டுவிட்டோம்.

2022 நோன்புப் படத்தையும் 2023 நோன்புப் படத்தையும் அருகருகே வைத்துப் பார்த்தேன். ஒரு வித்தியாசமும் இல்லை. நின்ற கொழுப்பு நின்றுவிட்டது. கொழுப்புக்குப் பதில் ஊசி ஃபில்லர் (பள்ளத்தை நிரப்பும் ஜெல்) போட்டுக்கொண்ட என் தோழி ஒவ்வொரு வருஷமும் திரும்பப் போகிறாள், எனக்கு அந்த அலைச்சல் இல்லை.

2024-ல் டெங்கு வந்து படுத்தேன். டிரிப் போட வந்த நர்ஸ் புறங்கையில் நரம்பு கிடைக்காமல் மூன்று முறை குத்தினார், கடைசியில் முழங்கை மடிப்பில் போட்டார். எந்த ஆஸ்பத்திரிக்குப் போனாலும் இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அந்த ஜுரத்தில் ஆறு கிலோ குறைந்தேன், கையும் மெலிந்தது. ஏற்றியது வயிற்றுக் கொழுப்பு; உடம்பு இளைத்தால் அதுவும் இளைக்கும், எடை ஏறினால் அதுவும் ஏறும். எடை திரும்பியபோது கையும் முக்கால்வாசி திரும்பியது.

தோலில் இருந்த பழுப்புப் புள்ளிகள் அப்படியே இருக்கின்றன. அவை வளவில் (வீட்டு உள்முற்றத்தில்) வடகம் காயவைத்த வெயில் போட்டவை, கொழுப்பு அவற்றைத் தொடாது. காலையில் எஸ்.பி.எஃப். 30 சன்ஸ்கிரீனைக் கைக்கும் தடவுகிறேன், புதுப் புள்ளி வருவது குறைந்திருக்கிறது. உங்கள் கவலை புள்ளியும் சுருக்கமும்தான் என்றால் இந்தச் செலவு வேண்டாம், தோல் டாக்டரைப் பாருங்கள். நரம்பும் நாணும் துருத்திக்கொண்டிருந்தால் மட்டும் யோசியுங்கள். சர்க்கரை இருந்தால் முதலில் கட்டுப்படுத்துங்கள். ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை எடுத்தால் மறைக்காமல் சொல்லுங்கள், நீங்களாக நிறுத்தாதீர்கள். அழகுக்கான ஆபரேஷன் என்பதால் மெடிக்ளைமை நம்பிப் போகாதீர்கள்.

வலது கைப் பள்ளத்துக்கு இரண்டாம் முறை வேண்டுமா என்று டாக்டர் கேட்டார். வயிற்று வலியை நினைத்து வேண்டாம் என்றுவிட்டேன். கடந்த நோன்பில் பேத்தி இழையை வாங்கி வாயில் போட்டுக்கொண்டு, என் கையைப் பிடித்துத் திருப்பிப் பார்த்தாள். கயிறு எங்கே என்று கேட்கவில்லை. "மாவு ஒட்டியிருக்கு அப்பத்தா" என்று துடைத்துவிட்டுப் போனாள்.