விடிகாலை நாலு மணிக்குக் கம்ப்யூட்டரை எழுப்ப எது தோது?

மாட்டுத்தாவணி பூ மார்க்கெட்டில் மாமாவுக்குக் கமிஷன் கடை. விடிகாலை நாலு மணிக்கே மல்லிகை மூட்டை வந்து இறங்கும். எடை போடும்போதே பில் அடித்தாக வேண்டும். "மாப்ள, நான் ஷட்டரைத் தூக்கும்போது கம்ப்யூட்டர் முழிச்சிருக்கணும்" என்றார். கடையில் இருப்பதோ பழைய டெஸ்க்டாப். ஆன் ஆகி நிதானத்துக்கு வரவே பத்து நிமிஷம் பிடிக்கும்.

முதலில் விண்டோஸின் டாஸ்க் ஷெட்யூலரை, அதாவது குறித்த நேரத்தில் வேலையைத் தானே தொடங்கும் வசதியை, வைத்துப் பார்த்தேன். டாஸ்க்கின் கண்டிஷன்ஸ் பக்கத்தில், கம்ப்யூட்டரை எழுப்பச் சொல்லும் கட்டத்தை டிக் செய்ய வேண்டும். பவர் ஆப்ஷனில் வேக் டைமர்களையும் அனுமதிக்க வேண்டும். எந்தக் கிழமை எழ வேண்டும் என்பதுவரை வைக்கலாம். முந்தின நாள் திறந்து வைத்த பில் பக்கம் அப்படியே நிற்கும். வீட்டு லேப்டாப்புக்கு இதுதான் சுகம். ஆனால் ஸ்லீப்பிலோ, திறந்திருப்பதை டிஸ்க்கில் எழுதிவிட்டு அணையும் ஹைபர்னேட்டிலோ இருந்தால்தான் எழும், ஷட் டவுன் செய்தால் எழாது. ராத்திரி கரண்ட் போய் யுபிஎஸ்ஸும் தீர்ந்தால், ஸ்லீப்பில் இருந்த மெஷின் அணைந்தே போகும். இரண்டாம் வாரமே அப்படி ஆனது. அன்று முழுக்க மாமா கையால் பில் எழுதினார். எனக்கு மனசே ஆறவில்லை.

கடைக்கு என் ஓட்டு பயாஸ் அலாரத்துக்குத்தான். பயாஸ் என்பது விண்டோஸுக்கு முன்பே ஓடும், மதர்போர்டிலேயே இருக்கும் மென்பொருள். மதர்போர்டில் உள்ள கடிகாரத்தை 3 வோல்ட் பட்டன் பேட்டரி ஓட்டுகிறது. முழுக்க அணைத்த மெஷினையும் அது எழுப்பும். பல போர்டுகளில் தினமும் அல்லது மாதத்தில் ஒரு தேதி, அவ்வளவுதான். கிழமை பார்த்து வைக்க முடியாது. மாமா கடைக்கு லீவே இல்லை என்பதால் அது குறையாகத் தெரியவில்லை. ஈஆர்பி என்ற மின்சிக்கன வசதி ஆனில் இருந்தால் பெரும்பாலும் அலாரம் வேலை செய்யாது, அதை ஆஃப் செய்யுங்கள். அலாரம் அடிக்கிற நேரத்தில் கரண்ட் இல்லாவிட்டாலும் எழாது. அதற்கும் பயாஸிலேயே வழி உண்டு: கரண்ட் திரும்பியதும் தானே ஆன் ஆகும்படி வைத்துவிடலாம்.

விண்டோஸுக்குப் பதில் லினக்ஸ் என்ற ஆபரேட்டிங் சிஸ்டம் போட்டிருந்தால், அதில் உள்ள ஆர்டிசிவேக் கட்டளை இன்னும் நேர்த்தி. அணைக்கும்போதே அடுத்து எழ வேண்டிய நேரத்தையும் சொல்லிவிடலாம். ஆனால் லினக்ஸ் பொதுவாக மதர்போர்டு கடிகாரத்தை யுடிசி நேரத்தில், அதாவது நம்ம நேரத்துக்கு ஐந்தரை மணி பின்னால் இருக்கும் உலகப் பொது நேரத்தில் வைக்கும். அந்த மெஷினின் பயாஸில் 3:45 என்று வைத்தால் நம்ம ஊர் நேரப்படி 9:15க்குத்தான் எழும்.

வேக் ஆன் லேன் என்றும் ஒன்று உண்டு. அதற்கு நெட்வொர்க்கில் இன்னொரு மெஷின் விழித்திருந்து குரல் கொடுக்க வேண்டும். ஒற்றைக் கம்ப்யூட்டர் கடைக்கு ஆகாது.

இப்போது மாமா கடை பயாஸில் 3:45. ஷட்டர் ஏறும்போது பில் பக்கம் தயாராக நிற்கிறது.